மான் வேட்டைக்காரரும் மீனா அக்காவின் நீல டப்பாவும்

நாற்பது நிமிஷ வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, ஒரு துறையில் நிபுணராகிவிட்டோம் என்று நீங்கள் எப்போதாவது நம்பியது உண்டா? நான் நம்பினேன். அதுவும் வேகத்தை இரண்டு மடங்கு ஆக்கி, இருபதே நிமிஷத்தில். துறை: ஈயக் குண்டு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வங்காளிகள் நிறைந்த பெஹாலாவில் எங்கள் ஃப்ளாட்டில் நடந்த ஆகப் பெரிய வேட்டை, கரப்பான்பூச்சி வேட்டை. ஆயுதம், அம்மாவின் துடைப்பம். (நான் கட்டில் மேல ஏறி நின்னு டைரக்‌ஷன் குடுத்தேன்.) வீட்டில் உண்மையாகவே சுடத் தெரிந்தவள் என் அக்கா மீனா மட்டும்தான். ஏர் ரைஃபிள், பத்து மீட்டர், காகித இலக்கு. அந்த வருஷம் மாநில அணியில் ஒரே ஒரு இடம் பாக்கி. துர்கா பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் போட்டி. அந்த ஓர் இடத்துக்காக அவள் ஒரு வருஷமாகச் சினிமாவை விட்டாள், பிரியாணியை விட்டாள், என்னோடு சண்டை போடுவதைக்கூடப் பாதியாகக் குறைத்திருந்தாள்.

பூஜைக்கு ஊரே கடையைச் சாத்திவிடும். அதனால் பூஜை தொடங்கும் முன், பஞ்சமியன்றே குண்டு வாங்க என்னை அனுப்பினாள்.

"கடை மூடுறதுக்குள்ள வாங்கிட்டு வந்துருல. நாலரை மில்லி, தட்டைத் தலை. எப்பவும் வாங்குறதுதான். மூளைய யூஸ் பண்ணாத."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கிளப்பிவிட்டது. பஸ்ஸிலேயே வீடியோவைப் போட்டேன். ஒரு தாடிக்கார அமெரிக்கர். சொந்தமாகத் தோட்டா நிரப்பி மான் வேட்டைக்குப் போகிறவர்கள், கடையில் விற்கும் வார்ப்பு ஈயக் குண்டை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று விளக்கினார். ரொம்பக் கெட்டியாகவும் இருக்கக்கூடாது, ரொம்ப மென்மையாகவும் இருக்கக்கூடாது. முக்கியமாக, குண்டு துப்பாக்கிக் குழலைவிட ஒரு துளி பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் வாயு கசியும், குறி தப்பும், மான் தப்பும்.

எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. ஐயோ பாவம், மூன்று வருஷமாக நாலரைக் குழலில் நாலரைக் குண்டா? (அவர் பேசுனது வெடிமருந்து போடுற துப்பாக்கி, அக்காவோடது வெறும் காத்து. அதெல்லாம் எனக்கு மேட்டரே இல்ல.) 'ஒரு துளி' என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றார். மனக்கணக்காகவே மில்லிமீட்டருக்கு மாற்றினேன். ஒரு மில்லி வந்தது. (பி.காம். மன்னிச்சிடுங்க.)

டல்ஹவுசி பக்கம் அந்தப் பழைய துப்பாக்கிக் கடையில் ஐந்தரை மில்லி டப்பாவைக் கேட்டேன். கடைக்காரக் காகு (காகுன்னா சித்தப்பா) மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எந்த ரைஃபிளுக்கு, பாபா?"

"நாலரைக்குத்தான் காகு. டைட்டா இருக்கணும்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டுக்குப் போகிற அவசரம். "துமி ஜானோ," என்று டப்பாவைத் தள்ளினார். உன் பாடு.

அக்காவிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஜெயித்த பிறகு ரகசியத்தைச் சொல்லி மாலை வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டம். அவளுடைய பழைய நீல டப்பாவில் இருந்த குண்டுகளை ஒரு கவரில் கொட்டிக்கொண்டு, புது டப்பாவில் 5.5 என்று கொட்டை எழுத்தில் இருந்ததால், புதியவற்றை நீல டப்பாவில் நிரப்பினேன். கவரை எங்கள் பாடாவின், அதாவது பேட்டையின், பூஜைப் பந்தலுக்கு எதிரே இருந்த பலூன் சுடும் கடையில் கொடுத்தேன். பதிலுக்கு இருபது சூடு இலவசம். மூன்று பலூன் உடைந்தது. அதில் ஒன்று, கடைக்காரர் அப்போதுதான் ஊதிக்கொண்டிருந்தது.

புதுக் குண்டைக் குழலில் போட்டுப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். ரைஃபிள் பெட்டிக்கு நம்பர் பூட்டு. நம்பர் எனக்குத் தெரியாது. நவமியன்று ஆயுத பூஜை. அம்மா பெட்டிக்கும் டப்பாவுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துச் சாமி முன்னால் அடுக்கினாள். "சாமிட்ட வச்சத யாரும் தொடக்கூடாது, சொல்லிட்டேன்." அக்கா பயிற்சி எடுக்கும் கிளப்புக்கும் விடுமுறை. வீட்டில் அக்காவுக்குக் குண்டு போடாத வெறும் குறிப் பயிற்சிதான். விஜயதசமி முடிந்ததும் டப்பாவைத் திறக்காமலே பையில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. தேர்வுப் போட்டி நடந்த அரங்கில், தடுப்புக்குப் பின்னால் அப்பா, அம்மா, நான். அக்கா டப்பாவைத் திறந்தாள். ஒரு குண்டை எடுத்துக் குழல் வாயில் வைத்தாள். பாட்டில் வாயில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி அது அங்கேயே உட்கார்ந்தது. இன்னொன்று. அதுவும் எலுமிச்சம்பழம். நிதானமாகத் திரும்பி நேராக என்னைப் பார்த்தாள். தடுப்பருகே வந்தாள்.

"எலேய், இது என்னது?"

"ஃபிட் முக்கியம்க்கா. அந்த அமெரிக்காக்காரர் மான் வேட்டைக்கு..."

"இங்க மானா நிக்குது? பேப்பருதாம்ல! என் பழைய குண்டு எங்க?"

"பலூன் கடையில."

அப்பா கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் முப்பது வருஷம் கோப்பு பார்த்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். அன்றும் உயர்த்தவில்லை. "வாங்குறதுக்கு முன்னாடி, குழல்ல நுழையுமான்னு யோசிச்சியால?" என்று மட்டும் கேட்டார். அதற்குச் சத்தமே போட்டிருக்கலாம்.

பக்கத்து இடத்தில் நின்றவள் சோஹினி. அந்த ஓர் இடத்துக்கு அக்காவின் நேர்ப் போட்டி. அவள் தன்னிடம் கூடுதலாக இருந்த டப்பாவை நீட்டி, பெங்காலியில் சொன்னாள். (அதுல பேரோட 'தி' சேர்த்தா அக்கா.)

"இந்தா மீனாதி. முதல்ல பேப்பரச் சுடு, அப்புறமா தம்பியச் சுடு."

பழகாத குண்டு. முதல் பத்துச் சூடுகள் இஷ்டத்துக்குச் சிதறின. பிறகு அக்கா விடாமல் துரத்தினாள். கடைசிச் சூட்டில் பத்து. ஆனாலும் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் இடம் சோஹினிக்குப் போனது. அக்கா போய் அவளைக் கட்டிக்கொண்டாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. தீபாவளி வரைக்கும் என்னிடம் பேசியது ஒரே வார்த்தை: "நகரு."

அடுத்த வருஷம் அணியில் இடம் பிடித்துவிட்டாள். குண்டை அவளே போய் வாங்கினாள்.

அப்பாவின் கேள்விதான் வீட்டை விட்டுப் போகவில்லை. நான் செருப்பு வாங்கினால், "குழல்ல நுழையுமால?" தர்பூசணி வாங்கினால், "நுழையுமா?" எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தபோது சோஹினிதி போன் செய்து, அதே கேள்வியைத் தமிழிலேயே கேட்டாள். (இந்த ஒரு வாக்கியத்த அக்காதான் சொல்லிக்குடுத்திருக்கா.)

போன வாரம் என் சம்பளத்தில் அம்மாவுக்கு வாஷிங் மெஷின் ஆர்டர் பண்ணினேன். பால்கனியில் வைக்கும் இடத்தை இஞ்ச் டேப்பால் மூன்று முறை அளந்தேன். மில்லிமீட்டர் சுத்தமாக.

மெஷின் இப்போது மூன்றாவது மாடிப் படித் திருப்பத்தில் நிற்கிறது. படிக்கட்டை நான் அளக்கவில்லை.