சர்க்கரை ஜாஸ்தி போட்ட டீ

பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் நான். (இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள்.) ஆனால் டாக்டர் சொன்னதையே திருத்துகிற அளவுக்கு எனக்கு மூளை இருப்பதாக ஒரு காலத்தில் நம்பினேன். அந்த மூளை ஒரே ஒரு நாள்தான் வேலை செய்தது. அன்றைக்கே தெரு சிரித்தது.

அறுபதுகளில் நடந்த கதை. தேவனாம்பட்டினத்தில் என் அக்கா வீட்டுக்காரர் தையல்காரர். எனக்கு மாமா. ஒருநாள் பாதிச் சட்டையோடு மிஷினை நிறுத்தினார். கடலுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நடந்தார். அன்றிலிருந்து அவர் முன்னால் நடப்பார், நான் பின்னால். ஐந்து மாதம். துறைமுகத்தில் நாளெல்லாம் மூட்டை தூக்கினபோதுகூட எனக்குக் கால் அப்படி வலித்ததில்லை. அக்காவோ தூக்கம் என்பதையே மறந்துவிட்டாள். மந்திரம், வேப்பிலை எல்லாம் பார்த்து ஓய்ந்த பிறகு, மாமாவின் அண்ணன் ஒரு சங்கிலியோடு வந்தார்.

"கோயில் மண்டபத்துல கட்டிப் போட்டுரலாம். எத்தினி நாளு நாய் மாரி பின்னாலயே சுத்துவீங்க?"

(நாய் என்றது என்னை.)

அக்கா அழுதாள். "சிதம்பரத்துல ஒரு டாக்டர் இருக்காராம். வூட்டுல வச்சே கொணமாக்கலாங்கறாராம். ஒரு தடவ காட்டிடலாம்."

"சரி, போய்ட்டு வரட்டும். வழியில எங்கனா எழுந்து ஓடினான்னு வச்சிக்க, அத்தோட சங்கிலிதான்."

மாமாவைக் கூட்டிக்கொண்டு போகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. டாக்டர் நிதானமாகப் பேசினார். மாமாவிடமும் பேசினார். பிறகு பொட்டலத்தையும் சீட்டையும் என்னிடம் கொடுத்து, "மாத்திரைய மறைச்சி கிறைச்சிக் குடுக்காதீங்க. சொல்லிக் குடுங்க, சாப்புடுவாரு" என்றார்.

"சரிங்க சார்" என்று தலையாட்டினேன். வேப்பிலைக் கஷாயத்தையே துப்பின மனுஷன் மாத்திரையையா விழுங்குவார்? பாவம், டாக்டருக்கு அனுபவம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இரண்டு மாத்திரையை நசுக்கி ஒரு கிளாஸில் போட்டேன். (சீட்டில் ஒன்று என்றுதான் இருந்ததாம். நான் எங்கே படித்தேன்?) கசப்புத் தெரியக் கூடாதே! "அண்ணே, இதுல மட்டும் சக்கர ஜாஸ்தி" என்று சொல்லி, கலக்கி மாமாவிடம் நீட்டிவிட்டு, கடலூர் பஸ் வருகிறதா என்று பார்க்கப் போனேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். அக்கா வீட்டில் சர்க்கரை ஜாஸ்தி போட்ட டம்ளர் என்றைக்கும் எனக்குத்தான். கல்யாணமான நாளிலிருந்து அதை மாமாதான் எடுத்து என் பக்கம் நகர்த்தி வைப்பார். புத்தி கலங்கினாலும் அந்தப் பழக்கம் கலங்கவில்லை. நான் அந்தப் பக்கம் போனதும் கிளாஸை மாற்றி வைத்துவிட்டார். திரும்பி வந்து ஒரே மூச்சில் குடித்தேன். தித்திப்பும் கசப்புமாக இருந்தது. சிதம்பரத்து டீயே இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

பஸ் ஏறும்போது கண்டக்டர் காதில், "கூட இருக்கறவரு மூள சரியில்லாத ஆளு. ஒரு கண்ணு வச்சிக்குங்க" என்றேன்.

புதுச்சத்திரம் வரைதான் எனக்கு நினைவிருக்கிறது. மிச்சமெல்லாம் மாமாவும் அக்காவும் சொன்னது.

கடலூரில் நான் மாமாவின் தோளில் எச்சில் ஒழுகக் கிடந்தேனாம். கண்டக்டர் மாமாவிடம், "மூள சரியில்லன்னாரே, தன்னத்தான் சொல்லிக்கினாரா?" என்று கேட்டிருக்கிறார்.

"எங்க மச்சான்ங்க. நல்ல புள்ள. இன்னைக்குத்தான் இப்பிடி" என்றாராம் மாமா.

ஒரு கையில் என்னையும் இன்னொரு கையில் என் செருப்பையும் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அங்கே சங்கிலியோடு காத்திருந்த அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, இப்ப எவன் கால்ல போடறது?"

ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து அழுதாளாம்.

மாமா என்னைப் பாயில் போட்டுவிட்டு, என் சட்டைப் பையிலிருந்த சீட்டைப் படித்தார். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"எனக்குன்னு குடுத்ததுதான? எங்கிட்ட சொன்னா நானே போட்டுக்குவேனே" என்று, தண்ணீர் கேட்டு வாங்கி ஒன்றை விழுங்கினார். அண்ணன் சங்கிலியை எடுத்துப்போய்த் தன் படகைக் கட்டினார்.

கடல் கூப்பிடுவது ஒரேயடியாக நின்றுவிடவில்லை. ஆனால் மிஷின் ஓடியது. மாதா மாதம் இரண்டு பேரும் சிதம்பரம் போவோம். எங்கே என்று யாராவது கேட்டால் மாமா முந்திக்கொள்வார்: "மச்சான டாக்டர்ட்ட காட்டிட்டு வரேன்."

இப்போது எனக்குச் சர்க்கரை வியாதி. டீயில் சர்க்கரையே கூடாது. அந்த டம்ளரையும் மாமாதான் எடுத்து நகர்த்துகிறார்.

"மச்சான், சொல்லிட்டே குடுக்கறேன். இதுல ஒண்ணும் போடல."