விஷப் பெட்டியும் அமுதப் பொடியும்

அமுதப் பொடி ஐயாவைப் பார்க்க வியாழனும் ஞாயிறும் கூட்டம் அலைமோதும். இடம், முன்பு டயர் அடுக்கி வைத்திருந்த கிடங்கு. இப்போது டயர்கள் போய், அதே நெருக்கத்தில் மனிதர்கள் அடுக்கப்பட்டிருந்தார்கள். ரப்பர் வாசனை மட்டும் போகவில்லை. அதையும் தெய்வீக மணம் என்று மூக்கு நிறைய இழுத்துக்கொண்டார்கள்.

வாசலில் ஆளுயரப் பலகை. ‘மாத்திரையை விடு! நிம்மதியாக மூச்சு விடு!’ இதில் இரண்டு ‘விடு’ இருப்பதைக் கவனிக்க வேண்டும். முதலாவதைச் செய்தவர்கள் ஏராளம். இரண்டாவதை ஒரேயடியாகச் செய்து முடித்தவர், நுரையீரலில் சளி கட்டி வந்த தையல்காரர் ஒருவர். “அவருக்கு நம்பிக்கை போதவில்லை” என்று ஐயா அறிவித்தார். தையல்காரர் எழுந்து வந்து மறுக்கவில்லை. ஆகவே கூட்டமும் அதை ஒப்புக்கொண்டது.

வைத்தியமுறை எளிமையானது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளைக் கையோடு கொண்டுவர வேண்டும். மேடைக்கு முன்னால் ஓர் இரும்புப் பெட்டி. அதன் மேல் சிவப்பு எழுத்தில் ‘விஷப் பெட்டி’. மாத்திரையை அதில் போட்டதும் எல்லோரும் கைதட்டுவார்கள். “இந்த விஷத்தையெல்லாம் ஏழடிப் பள்ளம் தோண்டிப் புதைக்கிறேன்” என்பார் ஐயா. பள்ளத்தைப் பார்த்தவர் கிடையாது. காட்டுங்கள் என்று கேட்டவரும் கிடையாது. பிறகு திரைக்குப் பின்னாலிருந்து ‘ர்ர்ர்’ என்று ஓர் ஓசை வரும். அது தவத்தின் ரீங்காரம். கடைசியில், போன கூட்டத்தன்று தவத்தில் வைத்த வெள்ளைப் பொடி, நாக்கில் ஒரு சிட்டிகை, கையில் ஒரு பொட்டலம். காய்ச்சலுக்கும் அதே பொடி, காதில் சீழுக்கும் அதே பொடி, பரீட்சையில் தேறாதவனுக்கும் அதே பொடி. ஐயா பணத்தைக் கையால் தொடமாட்டார். பொட்டலத்துக்குப் பணம் வாங்க மைத்துனர் இருந்தார்.

இந்தக் கூட்டத்தில் சேராமல் ஊரில் மிஞ்சியிருந்த ஒரு சிலரில் கேக்கம்மாவும் ஒருத்தி. பகுத்தறிவு, கிகுத்தறிவு என்றெல்லாம் அவள் பேசியதில்லை. அவளுக்கு நேரமில்லை. விடிந்ததிலிருந்து பேக்கரியில் மாவு சலிப்பாள், முட்டை அடிப்பாள், பிறந்தநாள் கேக்கில் பெயர் எழுதுவாள். எதையும் கைப்பிடியால் அளக்கமாட்டாள், கிராம் கணக்குத்தான். யாராவது ‘கொஞ்சம்’ என்று சொன்னால் “கொஞ்சம்னா எவ்வளவு?” என்று கேட்பாள். அவளுடைய பகுத்தறிவு மொத்தமும் அந்தக் கேள்விதான்.

அவள் கணவன் நாற்காலிப் பட்டறையில் தச்சன். ஒரு நாள் பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி, இடது கால் சுண்டுவிரலைக் கிழித்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தான். மூன்றாம் நாள் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. சிவப்பு பாதத்திலிருந்து முழங்காலை நோக்கி ஏறியது. காய்ச்சலில் என்னென்னவோ உளறினான். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் படுக்கப்போட்டு நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். சிவப்பு இறங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது, மிச்சமிருந்த சிவப்பின் ஓரமாக டாக்டரம்மா பேனாவால் ஒரு கோடு போட்டாள்.

“பத்து நாளைக்கு மாத்திரை. சரியாயிட்ட மாதிரி இருக்கேன்னு நடுவுல நிறுத்தக் கூடாது. இந்தக் கோட்டைத் தாண்டி சிவப்பு வந்தா வீட்டுல ஒரு நிமிஷம் வெச்சிருக்காதீங்க, உடனே கொண்டுவாங்க.”

கேக்கம்மா தலையாட்டினாள். தினமும் அவன் குளித்து வந்ததும் அழிந்த கோட்டை அவளே புதுப்பித்தாள். கேக்கில் பூ வரைந்து பழகிய கை. கோடு ஒரு நூல்கூடப் பிசகாது.

நான்காம் நாள் காய்ச்சல் சுத்தமாக நின்றது. அன்றைக்கே அவன் அக்கா வந்து சேர்ந்தாள். அவள் ஐயாவின் பழைய வாடிக்கை.

“காய்ச்சல் போயிடுச்சுல்ல தம்பி? இன்னும் எதுக்கு இந்த விஷத்தைத் தின்னுக்கிட்டு இருக்கே? வயிறு புண்ணாப் போயிடும். ஐயாகிட்ட வா.”

“பத்து நாள்னு சொல்லியிருக்காங்க அண்ணி. நாலுதான் ஆகுது” என்றாள் கேக்கம்மா.

“டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க. அவங்களுக்குக் கமிஷன்.”

“நாப்பது நிமிஷம் வேக வேண்டிய கேக்கை, மேல சிவந்துடுச்சுன்னு பதினஞ்சு நிமிஷத்துல எடுத்தா உள்ளே மாவாத்தான் இருக்கும் அண்ணி.”

“மனுஷனும் கேக்கும் ஒண்ணா?”

நியாயமான கேள்விதான். கேக் தானாக அடுப்பை விட்டு எழுந்து போகாது. இவன் போனான். ஞாயிற்றுக்கிழமை மிச்சமிருந்த ஆறு நாள் மாத்திரையையும் விஷப் பெட்டியில் போட்டான். முந்நூறு பேர் கைதட்டினார்கள். பாவம், எத்தனையோ நாற்காலி செய்திருக்கிறான். ஒருவர்கூட அவனுக்குக் கைதட்டியதில்லை. உச்சி குளிர்ந்து வீடு திரும்பினான்.

“இது என்ன பொடி?” என்று கேக்கம்மா கேட்டாள்.

“அமுதம்.”

“எவ்வளவு சாப்பிடணும்?”

“கொஞ்சம்.”

அவளுக்குச் சுரீரென்றது. செவ்வாய்க்கிழமை அவன் தூங்கும்போது பொட்டலத்தைப் பிரித்தாள். பொடி என்று எது கைக்கு வந்தாலும் சலித்துப் பார்ப்பது அவள் வழக்கம். சலித்தாள். வெள்ளைப் பொடி கீழே இறங்கியது. சல்லடையில் இரண்டு துணுக்குகள் தங்கின. ஒன்று கேப்ஸ்யூலின் ஓட்டுத் துண்டு. இன்னொன்று பளபளப்பான ஆரஞ்சுச் சில்லு. அதன் மேல் பாதி எழுத்து ஒன்று இருந்தது. நான்கு நாள் தன் கையால் கணவனுக்கு எடுத்துக் கொடுத்த மாத்திரையின் நிறம் அவளுக்குத் தெரியாதா?

சில்லை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்காரம்மாவிடம் போனாள். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

“உங்க வீட்டுக்காரருக்கு நான் குடுத்த அதே ஆன்டிபயாடிக்தான். படுபாவி! பெட்டியில விழுறதையெல்லாம் சர்க்கரையோட சேர்த்து அரைச்சுத் திருப்பி விக்கிறான்.”

“அப்போ மாத்திரையைத்தானே சாப்பிடுறாரு? கெடுதல் இல்லையே?”

“அடப் போம்மா! எந்தக் கிருமிக்கு எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளைன்னு இருக்கு. இவன் மூத்திரக் கடுப்புக்குக் குடுத்தது, காதுக்குக் குடுத்தது, சளிக்குன்னு தேவையே இல்லாம வாங்குனது, எல்லாத்தையும் ஒண்ணா அரைச்சு ஆளுக்கு ஒரு சிட்டிகை குடுக்கறான். ரெண்டு நாள் குணம் தெரியும். கிருமி சாகாது, பழகிக்கும். அப்புறம் நிஜ மாத்திரையைப் பார்த்தாலும் ‘வாங்க, சௌக்கியமா’ன்னு கேக்கும். அதுவும் இல்லாம, பென்சிலின் ஒத்துக்காதவங்க யாராவது தின்னா உயிருக்கே ஆபத்து.”

“போலீஸ்ல சொல்லலாமா?”

“போன வாரம் நான் வரிசையில பார்த்த முதல் ஆளே போலீஸ்காரர்தான்.”

கணவனிடம் சில்லைக் காட்டினாள். “உன் சல்லடையில கேக் ஜிகினா ஒட்டியிருக்கும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

சரி, கேக் ஜிகினாவாகவே இருக்கட்டும் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. வீட்டில் கிடந்த சத்து கேப்ஸ்யூல்களைத் திறந்து உள்ளே இருந்ததைக் கொட்டினாள். கேக்குக்குப் போடும் நீலக் கலர்த்தூளை ஒவ்வொன்றிலும் நிரப்பி மூடினாள். சாப்பிடும் பண்டத்தில் சேர்க்கிற கலர்தான், யாருக்கும் தீங்கில்லை. அதன் குணம் அவளுக்கு நன்றாகத் தெரியும். சர்க்கரையோடு கலந்தால் இருக்குமிடம் தெரியாது. ஈரம் பட்டால் ஊரையே நீலமாக்கிவிடும். மருந்துக்கடைக்காரம்மா மட்டும் கூட இருந்து பார்த்தாள். வியாழக்கிழமை கேக்கம்மா வரிசையில் நின்று முப்பது கேப்ஸ்யூலையும் விஷப் பெட்டியில் போட்டாள். பலத்த கைதட்டல். திரைக்குப் பின்னால் தவம் தொடங்கியது. கூட்டம் கண்ணை மூடிக் கேட்டது. ‘பிளேடு தேஞ்ச மிக்ஸி’ என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் கிருமி ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் கோடு போட உட்கார்ந்தவள் பேனாவைக் கீழே போட்டுவிட்டாள். சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரல் மேலே போயிருந்தது. கால் கொதித்தது. சுண்டுவிரல் கறுத்துப்போயிருந்தது.

“என்னங்க, எழுந்திருங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“விஷம் வெளியேறுது. அப்படித்தான் சிவக்கும்னு ஐயா சொன்னாரு.”

“உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

“அந்தக் காலைப் பிடிக்காதே, வலிக்குது. நாளைக்குக் காலையில ஐயாகிட்ட காட்டறேன். அவர் போகச் சொன்னா வரேன்.”

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். “இப்பவே கொண்டுவாங்க” என்றாள் அவள். போனை அவன் காதில் வைத்தாள், அவன் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தில் ஆள் கூப்பிட்டாள். கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டான். கேக்கம்மாவுக்கு ஐயா மேல் கோபம் இருந்தது, அண்ணி மேல் இருந்தது, எல்லாவற்றையும்விடப் பயம் இருந்தது. இவன் செத்துப்போவான் என்று பயமாக இருந்தது. கதவுக்கு வெளியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

காலையில் அவனும் அக்காவும் கிளம்பினார்கள். அவளும் கூடவே போய், வாடகை வண்டியைக் கிடங்கு வாசலிலேயே நிற்கச் சொன்னாள். நல்ல கூட்டம். ஐயா வழக்கம்போல் புதுப் பொடியில் ஒரு சிட்டிகையை முதலில் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

“நான் உண்ணாததை என் பிள்ளைகளுக்குத் தரமாட்டேன்!”

வரிசை வரிசையாக நாக்கு நீண்டது. மைத்துனர் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு நாக்கிலும் பொடி தூவிக்கொண்டே போனார். சிறிது நேரத்தில் முன்வரிசையில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளைப் பார்த்து வீலென்று கத்தினாள். அவளைப் பார்த்து இவளும் கத்தினாள். நாக்கு நீலம், உதடு நீலம், வழிந்த எச்சிலும் நீலம். முந்நூறு பேரும் மசி குடித்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

ஐயா ஒரு கணம்தான் தடுமாறினார். எத்தனை பேர் காதில் பூச்சுற்றியவர்!

“பார்த்தீர்களா! விஷம் நீலமாக இறங்குகிறது! அற்புதம்!”

“அற்புதம்!” என்றது கூட்டம். சிலர் சாஷ்டாங்கமாக விழுந்தார்கள். தச்சனும் கண்ணில் நீர் மல்க, நீல நாக்கை மனைவியிடம் நீட்டிக் காட்டினான். கேக்கம்மாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆதாரம் நாக்கிலேயே ஒட்டியிருந்தும், அதையும் அற்புதக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

அவள் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

“ஐயா, ஒரே ஒரு சந்தேகம். உங்க நாக்கும் நீலமா இருக்கே. உங்க உடம்புலயும் விஷமா?”

சிரிப்பு ஒன்று எங்கிருந்தோ கிளம்பி அடங்கியது. ஐயா உதட்டைத் துடைத்தார். அது இன்னும் பரவியது.

அவள் பையிலிருந்து டப்பாவை எடுத்து, ஒரு சிட்டிகைத் தூளைத் தன் நாக்கில் போட்டு நீட்டிக் காட்டினாள். நீலம்.

“நான் உங்க பொடியைத் தொடலை. இது கேக்குக்குப் போடற கலர். வியாழக்கிழமை இதைத்தான் கேப்ஸ்யூல்ல அடைச்சு விஷப் பெட்டியில போட்டேன். எல்லாரும் கைதட்டுனீங்க. பெட்டியில விழுறதை ஏழடிப் பள்ளத்துல புதைக்கிறேன்னாரு. பள்ளத்துல போனது நம்ம நாக்குக்கு எப்படி வந்துச்சு?”

முன்வரிசையில் இருந்தவர்கள் திரையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“மாத்திரை விஷம்னு வாங்கிட்டு, அதையே அரைச்சு நமக்கே வித்திருக்காரு” என்றாள்.

“எனக்குப் பென்சிலின் ஆகாதே!” என்று ஒரு பெண் அலறினாள். “அதனாலதான் போன வாரம் உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டுச்சா? புண்ணியம் ஏறுதுன்னு சொன்னியேடா!”

நான்கு பேர் திரையைப் பிடித்து இழுத்தார்கள். உள்ளே தவம் செய்துகொண்டிருந்த மிக்ஸி, நீல மூடியோடு வெளிப்பட்டது. பக்கத்தில் மூட்டை மூட்டையாக மாத்திரை அட்டைகள். ஒருவன் மைத்துனரின் கையுறையைக் கழற்றினான். மணிக்கட்டு வரை நீலம். ஐயா பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டப் பார்த்தார். அங்கே தையல்காரரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவர் அப்புறம் ஓட முயலவில்லை. போலீஸ்காரரும் வந்தார். அவர் நாக்கும் நீலம் என்பதால் விசாரணையை வாய் திறக்காமலே நடத்தினார்.

இந்தக் கூத்தைப் பார்க்கக் கேக்கம்மா நிற்கவில்லை. கணவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

“போலாம்மா” என்றான்.

வண்டி பறந்தது. இந்த முறை மருந்தை மாற்றி, கூட்டி, மூன்று வாரம் ஏற்ற வேண்டியிருந்தது. உயிர் பிழைத்தது, காலும் பிழைத்தது. கறுத்துப்போன சுண்டுவிரலை மட்டும் எடுத்துவிட்டார்கள். “ஒரு நாள் தாமதிச்சிருந்தா வேற மாதிரி பேசிக்கிட்டு இருப்போம்” என்றாள் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்த பிறகு அக்கா பார்க்க வந்தாள். அழுதாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

“அந்தப் பொடிக்காரன் பக்காத் திருடன் தம்பி. ஆனா பக்கத்து ஊருல ஒருத்தர் வந்திருக்காராம். இவரு நிஜமானவராம். பொடியெல்லாம் கிடையாது, தொட்டாலே போதுமாம். மாத்திரையை மட்டும் அவர்கிட்ட குடுத்துடணுமாம்.”

தச்சன் அந்த வேளைக்கான மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான்.

“வாங்கி வெச்சு என்ன பண்ணுவாராம்க்கா?”

அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

இந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொள்ள அவனுக்கு ஒரு கால்விரல் செலவாயிற்று. உங்களுக்குப் பத்தும் இருக்கின்றன. இருக்கும்போதே கேளுங்கள்.