வடை வந்த பிறகும் கை தூக்கியவர்

இந்தப் பூமியில் 'ஒத்துக்கொள்கிறேன்' என்ற சொல்லை வாயால் சொல்லாமலேயே பேராசிரியராகி, துறைத்தலைவராகி, பணி ஓய்வும் பெற்ற ஒரே மனிதர் எங்கள் ட்ரையல் சார்தான். கல்யாணத்துக்கு மட்டும் எப்படிச் சம்மதித்தார் என்று அவர் மனைவியிடம் ஒரு முறை கேட்டேன்.

"பொண்ணு பாக்க வந்தப்ப எங்க வீட்டு உப்புமாவ ரெண்டு தட்டு துன்னு பாத்தாரு. அப்பவும் சரின்னு சொல்லலம்மா. எங்க மாமியார்தான் ஒரு வாரம் கழிச்சி ஆள் அனுப்பி தேதி குறிச்சாங்க" என்றார்.

சார் கணக்குப் பேராசிரியர். ஆனால் கணக்கை நம்பமாட்டார். எதையும் செய்து பார்க்காமல் விடமாட்டார். அதனால் பியூனிலிருந்து துணைவேந்தர் வரை எல்லோருக்கும் அவர் ட்ரையல் சார். சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே ஒரு விநாடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவார்.

நான் வேலை பார்ப்பது திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில். எது என்று கேட்காதீர்கள், என் சம்பளம் இன்னும் அங்கிருந்துதான் வருகிறது. அங்கே கல்விப் பேரவை என்று ஒன்று உண்டு. செனட் என்போம். பாடத்திட்டம், கட்டடம், கால அட்டவணை எல்லாவற்றையும் ஆசிரியர்களும் நிர்வாகமும் கூடிப் பேசி முடிவு செய்வதற்கான சபை. உதவிப் பேராசிரியர்களின் பிரதிநிதியாக நான் அதற்குப் போட்டியின்றித் தேர்வானேன். என் செல்வாக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நான் பிரசவ விடுப்பில் இருந்த சமயம் பார்த்து என் பெயரை எழுதிவிட்டார்கள்.

கூடிப் பேசுவதெல்லாம் வடை வரும் வரைதான். உளுந்து வடையும் தேங்காய்ச் சட்னியும் டீயும் செனட் ஹாலுக்குள் நுழைந்துவிட்டால், மிச்சமிருக்கும் விஷயங்கள் தாமாகவே நிறைவேறிவிடும். பதிவாளர் ஒரு கையில் வடையோடு வாசிப்பார், நாங்கள் வாய் நிறைய வடையோடு தலையாட்டுவோம். வில்லங்கமான விஷயங்களைக் கடைசியில் வைப்பதும், வடையை எப்போது அனுப்ப வேண்டும் என்று கேன்டீனுக்குச் சொல்வதும் ஒரே அலுவலகம்தான் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாளாயிற்று.

அந்த வடைக்கு மயங்காத ஒரே ஜீவன், மூலை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ட்ரையல் சார். வடை ஆறும், சட்னி காயும், அவர் கை மட்டும் மேலேயே இருக்கும்.

"இன்னா சார் இப்போ?" என்பார் பதிவாளர், அழாத குறையாக. கூட்டத்தில் பேசுவது தெலுங்கும் இங்கிலீஷும்தான். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"ஒரு ட்ரையல் பாத்துடலாம் சார்."

வகுப்பறைகளுக்குப் புது பெஞ்ச் வாங்கும் விஷயம் வந்தது. மேசையும் இருக்கையும் ஒட்டிப் பிறந்த இரும்பு பெஞ்ச். படத்தில் அழகாக இருந்தது. சார், மாதிரிக்கு ஒரு பெஞ்சை செனட் ஹாலுக்கே தூக்கி வரச்செய்து, அன்றைய கூட்டம் முழுவதும் அதிலேயே உட்கார்ந்திருந்தார். தேசிய கீதத்துக்கு எல்லோரும் எழுந்தோம். சாரும் எழுந்தார். பெஞ்சும் அவரோடு எழுந்தது. கீதம் முடியும் வரை அசையக் கூடாதே என்று அவர் பெஞ்சைச் சுமந்துகொண்டு விறைப்பாக நின்றதும், பின்னால் இரண்டு அட்டெண்டர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு விறைப்பாக நின்றதும் என் கண்ணை விட்டுப் போகாது. பெஞ்ச் வந்த வழியே திரும்பிப் போனது.

அடுத்தது வளாகத் திட்டம். பிரதான வாசலிலிருந்து நேராக ஒரு அகலச் சாலை. வரைபடத்தில் சிவப்புக் கோடு, பக்கத்தில் பச்சை மரங்கள். சார் ஒரு வாளி சுண்ணாம்புத் தூளோடு கிளம்பி, அந்தக் கோட்டைத் தரையிலேயே போட்டுக்கொண்டு போனார். கோடு கேன்டீனுக்குள் புகுந்து, பார்க்கிங்கைத் தாண்டி, பதிவாளர் அறை வாசலில் வந்து நின்றது. சார் கதவைத் தட்டினார்.

"கொஞ்சம் கால தூக்கிக்குங்க சார். ரோடு போவுது."

பதிவாளர் காலைத் தூக்கிக்கொண்டார் என்றுதான் அட்டெண்டர் சத்தியம் செய்கிறார். சாலை வளைந்து போவதாகத் திட்டம் திருத்தப்பட்டது.

எல்லா ட்ரையலும் உருப்பட்டது என்று சொல்லமாட்டேன். ஆன்லைன் புகார்ப் பிரிவு தொடங்கியபோது, வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன் மீதே ஒரு புகார் போட்டார். 'இந்தப் பேராசிரியர் கூட்டங்களை இழுத்தடிக்கிறார்' என்பது புகார். அதை விசாரிக்கும் பொறுப்பு சுற்றிச் சுற்றி அவரிடமே வந்தது. குற்றச்சாட்டு உண்மை என்று கண்டு, தனக்குத் தானே ஒரு எச்சரிக்கை அனுப்பிக்கொண்டார். திருந்தவில்லை.

அந்தப் புகாரில் நானும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டிருப்பேன். என் வீடு வரதய்யபாளையத்தில். கணவருக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை என்பதால் திருவள்ளூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் நாங்கள். தினமும் காளஹஸ்திக்கு ஒரு பஸ், அங்கிருந்து திருப்பதிக்கு ஒரு பஸ். சார் கை தூக்கினால் என் சாயங்கால பஸ் போய்விடும். வீட்டில் குழந்தை அழும். நான் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு கணக்கு என்ற பாடத்தையே சபிப்பேன்.

இந்த நிலையில்தான் அந்தக் கூட்டம் வந்தது. வடையும் வந்தது. பதிவாளர் கடைசி விஷயத்தை வாசித்தார். வகுப்புகள் இனி காலை பத்துக்குப் பதில் எட்டு மணிக்குத் தொடங்கும். மதியத்தில் காலியாகும் கட்டடங்களில் கட்டணப் படிப்புகள் நடக்கும். எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வருகைப் பதிவு மூடப்படும். அதற்கு மேல் வந்தால் ஆப்சென்ட்.

நான் வடையைத் தட்டில் வைத்துவிட்டேன். என் வகுப்பில் தேவி என்று ஒரு பெண். எம்.ஏ. முதலாண்டு. எங்கள் ஊரை ஒட்டிய கிராமம், என்னோடு அதே பஸ்ஸில் வருகிறவள். அவள் நைனா வெகுகாலம் கூலிக்குப் போய், இப்போதுதான் கொஞ்சம் நிலத்தில் வேர்க்கடலை போடுகிறார். அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகப் படியை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஹாஸ்டலில் இடம் கேட்டுக் காத்திருந்தாள், கிடைத்தபாடில்லை. அவளுக்கு ஆப்சென்ட் விழுந்துகொண்டே போனால் பரீட்சை எழுத முடியாது.

கை தூக்கினேன். "எங்க பக்கத்துலேர்ந்து வர பிள்ளைங்க எட்டு மணிக்கு வந்து சேர முடியாது சார்."

துணைவேந்தர் தன்மையானவர். காகிதத்தைப் புரட்டினார். "திட்டக் குழு அதையும் பாத்திருக்காங்க மேடம். உங்க ஊர்லேர்ந்து அஞ்சு மணிக்கே ஒரு பஸ் இருக்கே."

"அந்த பஸ் இப்போ வரதில்ல சார்."

"திட்டத்தோட இணைப்புல போட்டிருக்கு மேடம்" என்றார் திட்டக் குழுத் தலைவர், சட்னியைத் தொட்டுக்கொண்டே. எல்லோரும் தலையாட்டத் தயாரானார்கள். அப்போது மூலையில் அந்தக் கை எழுந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் கையைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது.

"நான் எதிர்க்கல சார்" என்றார் ட்ரையல் சார். "அடுத்த கூட்டத்த காலைல எட்டு மணிக்கு வைப்போம். அதுல இத பாஸ் பண்ணிடலாம். எட்டு பத்து ரூல் நமக்கும் இருக்கட்டும்."

வழக்கமாக மணிக்கணக்கில் இழுப்பவர் இவ்வளவு சுலபமாக விட்டாரே என்ற மகிழ்ச்சியில் துணைவேந்தரே மேசையைத் தட்டினார். வடை சூடாக இருந்தபோதே கூட்டம் முடிந்தது. வராந்தாவில் சார் என் பக்கம் வந்தார். அவர் சித்தூர்க்காரர். கூட்டத்துக்கு வெளியே எங்கள் எல்லைத் தமிழ்தான்.

"மொத நாளு ராத்திரி உங்க ஊட்ல படுத்துக்க எடம் கிடைக்குமாம்மா? அந்த அஞ்சு மணி பஸ்ஸ ஒரு தபா பாக்கணும்."

"அப்படி ஒரு பஸ்ஸே இல்ல சார்."

"இல்லன்னா இல்லன்னு சொல்லலாம். நின்னு பாக்காம எப்டி சொல்றது?"

சொன்னபடியே முதல் நாள் வந்துவிட்டார். என் கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யாரு இவரு, உன் வேலைக்கு ஏதாவது என்கொயரியா?" என்று கேட்டார். சார் எங்கள் வீட்டுக் கட்டிலில் படுத்துப் பார்த்து, நடுவில் பள்ளம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தரையில் தூங்கினார்.

அதிகாலையில் போய் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். ஐந்து அடித்தது. நாய்தான் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர், யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று விசாரித்தார். ஐந்தரைக்கு ஸ்ரீசிட்டி கம்பெனி வண்டி வந்து, வீட்டு வாசல்களில் நின்றவர்களையெல்லாம் பெயர் சொல்லி ஏற்றிக்கொண்டு போனது. அதன் பிறகு தேவி வந்தாள். எங்களைப் பார்த்துத் திகைத்தாள்.

"எந்த பஸ்ஸுக்கு சார் நிக்கிறீங்க?"

"அஞ்சு மணி பஸ்ஸுக்கும்மா."

"அய்ய, அது நான் எட்டாவது படிக்க சொல்லவே நின்னுபோச்சு சார்."

"ரொம்ப லேட்டுதான்" என்றார் சார், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

ஏழு மணி வாக்கில் உண்மையான முதல் பஸ் வந்தது. உட்கார இடமில்லை. சூளூர்பேட்டைப் பக்கத்து மீன்காரம்மா ஒருத்தி, சும்மா நிற்கிற ஆள்தானே என்று தன் கூடையை சார் கையில் கொடுத்துவிட்டாள். காளஹஸ்தி வரை அவர் அதைத் தாங்கிக்கொண்டு நின்றார். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் மீன் தண்ணீர் அவருடைய வெள்ளைச் சட்டையில் வழிந்தது. "நல்ல மீனு" என்று மட்டும் சொன்னார்.

பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. செனட் ஹாலுக்குள் சாருக்கு முன்னால் மீன் வாசனை போனது. உள்ளே துணைவேந்தர் தலைமை இருக்கையில் உட்கார்ந்திருந்தார். பாவம், அவர் சரியாக எட்டு மணிக்கே வந்துவிட்டவர். பேப்பரை வரி விளம்பரம் வரைக்கும் படித்து முடித்திருந்தார். வளாகத்துக்குள்ளேயே குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் உறுப்பினர்கள் எட்டரையிலிருந்து ஒவ்வொருவராக வந்திருந்தார்கள். பதிவாளர் முகத்தில் சோப்புகூடச் சரியாகப் போகவில்லை. திட்டக் குழுத் தலைவர் எங்களுக்குப் பின்னால் வந்தார்.

துணைவேந்தர் சாரைப் பார்த்தார். குரல் உயரவில்லை. "எட்டு மணின்னு சொன்னவர் நீங்க. நீங்களே இப்பத்தான் வரீங்க."

"அஞ்சு மணிக்கே பஸ் ஸ்டாப்புல நின்னேன் சார். மேடமும் நின்னாங்க. இந்தப் பொண்ணு தினமும் நிக்குது." கதவருகே நின்ற தேவியைக் காட்டினார். "ரூல்படி எனக்கு ஆப்சென்ட் போட்டுடுங்க."

துணைவேந்தர் தேவியிடம் கேட்டார். "எட்டு மணி ஆக்கினா நீ என்னம்மா செய்வே?"

அவள் யோசிக்கவே இல்லை. "நின்னுடுவேன் சார். ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போயிடுவேன். அங்க எங்க ஊருக்கே வண்டி அனுப்பறாங்க."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். மழை வரும்போல என்று சொல்கிற மாதிரி சொன்னாள். ட்ரையல் சார் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

துணைவேந்தர் பதிவாளரிடம் கேட்டார். "எட்டு பத்து ரூல்படி இன்னிக்கு யார் யார் பிரசென்ட்?"

"நீங்க மட்டும்தான் சார்" என்றார் பதிவாளர், சோப்பு முகத்தோடு.

"அப்போ இன்னிக்குக் கூட்டமே நடக்கல" என்று சொல்லி அவர் எழுந்துவிட்டார். போகும்போது, இனி மாணவர்களையும் ஆசிரியர்களையும் கேட்காமல் நேரத்தை மாற்றும் பேச்சை எடுக்க வேண்டாம் என்றார். வகுப்புகள் இன்றைக்கும் பத்து மணிக்குத்தான் தொடங்குகின்றன. தேவி எம்.ஏ. முடித்துவிட்டு இப்போது ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கிறாள். என்னிடம்தான்.

சார் ஓய்வு பெறும் நாளும் வந்தது. ஓய்வு பெறும் உறுப்பினருக்கு செனட்டில் பாராட்டுத் தீர்மானம் போடுவது வழக்கம். 'அன்னாரின் பிரிவு ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்று பதிவாளர் வாசித்தார். அவ்வளவு உற்சாகமாக அவர் எதையும் வாசித்து நான் கேட்டதில்லை. நாங்களும் மேசையைத் தட்டத் தொடங்கினோம். மூலையில் கை எழுந்தது.

"நான் இன்னும் போகவே இல்லையே சார். இழப்புன்னு எப்படி எழுதறீங்க? ஒரு வருஷம் நான் இல்லாம நடத்திப் பாருங்க. அப்புறம் எழுதலாம்."

தன் பாராட்டுத் தீர்மானத்தையே ஒத்திப்போட வைத்துவிட்டுச் சித்தூருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அந்த ஒரு வருஷமும் கூட்டங்கள் ஜோராக நடந்தன. எல்லாம் நிறைவேறிக்கொண்டே இருந்தது. ஒரு முறை வடை வருவதற்கு முன்பே கூட்டம் முடிந்து, வடைக்காக நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தோம். சாயங்கால பஸ்ஸை நான் ஒரு நாளும் விடவில்லை. வெளிச்சத்திலேயே வீடு சேர்ந்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும், காகிதத்தில் இருந்த எந்த பஸ்ஸுக்கு இன்று தலையாட்டிவிட்டு வந்தோமோ என்ற கவலை வரும் வழியெல்லாம் கூடவே வந்தது.

போன மாதம் அந்தத் தீர்மானம் மறுபடி வந்தது. பதிவாளர் வாசித்து முடித்து, பழக்க தோஷத்தில் மூலை நாற்காலியைப் பார்த்தார். நாங்கள் எல்லோருமே பார்த்தோம். நான் கை தூக்கினேன்.

"ட்ரையல் பாத்தாச்சு சார். நல்லா இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது. பதிவாளர்தான் முதலில் மேசையைத் தட்டினார்.

வெளியே வந்து சாருக்குப் போன் செய்து சொன்னேன்.

"வடைக்கு முன்னாடி பாஸ் ஆச்சா, பின்னாடியாம்மா?"

"முன்னாடியே சார். இன்னிக்கு வடையே லேட்டு."

"செரி" என்றார். "ஒத்துக்கறேன்."

பேசிக்கொண்டே நின்றதில் அன்று என் பஸ்ஸை விட்டுவிட்டேன். அவருக்காக விட்ட பஸ்களில் இது ஒன்றுக்கு மட்டும் எனக்கு வருத்தமே இல்லை.