அன்புராசா புளிக்க வைத்த வாளி

"தம்பி, உம்மட வீட்டுக்குள்ளை இருந்து ஒரு புளிச்ச மணம் வருது. என்ன அது?"

பக்கத்து வீட்டுக் குணவதி அன்ரி கதவடியில் நின்று கேட்டபோது அன்புராசாவுக்கு உண்மை தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"அப்பத்துக்கு மா புளிக்க வைச்சிருக்கிறன், அன்ரி."

"மாவுக்கு விடக் கள்ளில்லாத நாட்டிலை இப்பிடி ஒரு வாசமோ!" அன்ரி மூக்கை நீட்டி இன்னொரு தரம் இழுத்தார். "எனக்கு உந்தக் கைப்பக்குவம் வராதப்பா."

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு அன்புராசா வாளியைப் பார்த்தான். உள்ளே புளித்துக்கொண்டிருந்தது பியர்.

அவன் குடிப்பவன் அல்ல. ஒரு காலத்தில் குடித்தவன். கொழும்பில் விமானம் ஏற முன்னர் மனைவி யோகமலர் அவனுடைய கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். "நான் கனடாவுக்கு வந்து, நீங்கள் திரும்பவும் தொட்டனீங்கள் எண்டு அறிஞ்சால், அடுத்த பிளேனிலை திரும்பிப் போயிடுவன்." யோகமலர் பள்ளிக்கூட ரீச்சர். சொன்னதைச் செய்யாமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை. அன்புராசாவும் அதன்பின் ஒரு சொட்டும் தொடவில்லை. ஆனால் ஸ்பொன்சர் அலுவல் இழுபட்டு, அவள் வருவாள் வருவாள் என்று ஆறு வருடம் ஓடிவிட்டது.

முன்பு அவனோடு அறையில் இருந்து, இப்போது ஸ்காபரோவில் குடியிருக்கும் அலெக்ஸாண்டர்தான் பியர் செய்யும் சாமான்களைக் கொண்டுவந்து இறக்கினான். பாணிபோல் கறுத்த மால்ற் ஒரு பேணி, ஈஸ்ற் ஒரு பைக்கற், மூடிபோட்ட வாளி, மூடியில் செருக ஒரு வளைந்த குழாய்.

"எனக்கேனடா உது? நான் விட்டிட்டன் எண்டு தெரியுந்தானே?"

"குடியாதேங்கோ அண்ணை, செய்து மட்டும் பாருங்கோ. முடிய நான் எடுத்துக்கொண்டு போறன். உங்களுக்கும் பொழுது போகும்."

பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லாமல் கலக்கி வைத்தான். மறுநாள் காலை தேநீர் போட்டுக்கொண்டு நின்றபோது பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. ளொக். திரும்பிப் பார்த்தான். குழாயில் ஒரு குமிழி. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ளொக்.

அலெக்ஸாண்டர் குடிமாறிப் போன பிறகு அந்த வீட்டில் அவனைத் தவிர வேறொன்று மூச்சு விட்டது அதுதான் முதல் தடவை. மூன்றாம் நாள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, தன்னையறியாமல் "வந்திட்டன்" என்றான். வாளி ளொக் என்றது. அதன்பின் எல்லாக் கதையும் அதனிடம்தான். போர்மன் ஏசியது, பஸ் பிந்தியது, யோகமலரின் கடிதத்தில் இருந்த புதினம், எல்லாம். இப்படி ஆகிவிட்டதே என்று வெட்கமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

"குளிர் பட்டால் ஈஸ்ற் செத்துப்போம்" என்று அலெக்ஸாண்டர் எச்சரித்திருந்தான். வீட்டில் கனமான துணி ஒன்றுதான் இருந்தது. யோகமலர் வந்திறங்கும்போது போடவென்று முதல் குளிர்காலத்திலேயே வாங்கித் தொங்கவிட்ட நீலக் கோட். அவன் அதை எடுத்து வாளிக்குப் போர்த்தினான். அதன் கைகள் இரண்டையும் முன்னால் கட்டிவிட்டான்.

குமிழி நின்றதும் போத்தலில் அடைக்க வேண்டும். அதற்கு முன் போத்தலுக்கு ஒரு சின்னக் கரண்டி சீனி போடும்படி அலெக்ஸாண்டர் சொல்லியிருந்தான். வீட்டுக்கு வந்த ஒருவருக்கும் மூன்று கரண்டிக்குக் குறைந்து தேநீர் கொடுத்தறியாத அன்புராசாவுக்கு அது பெரிய கஞ்சத்தனமாகப் பட்டது. தாராளமாகப் போட்டு, இறுக்கி மூடி, படுக்கையறைச் சுவர் அலுமாரிக்குள் அடுக்கினான்.

அந்தக் கிழமையே கொழும்பிலிருந்து போன் வந்தது.

"இஞ்சருங்கோ, விசா வந்திட்டுது. வாற சனிக்கிழமை அங்கை நிப்பன்."

அன்புராசா சின்னப் பிள்ளைபோல் அழுதான். அழுது முடிந்த பிறகுதான் அலுமாரி ஞாபகம் வந்தது. உடனே அலெக்ஸாண்டரைக் கூப்பிட்டான்.

"பதறாதேங்கோ அண்ணை. எயார்போட்டுக்கு உங்களை ஏத்த வரேக்கை எல்லாத்தையும் கார் டிக்கிக்குள்ளை போடுவம்."

நல்ல யோசனைதான். ஆனால் சனிக்கிழமை அவன் வந்தபோது குணவதி அன்ரி மாடியில் உள்ள பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து, வாசலை மறித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"யோகமலர் வாற அண்டைக்கு உம்மட அப்பம் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். மா எங்கை தம்பி?"

சொன்ன பொய்யைக் காப்பாற்ற மா முதல்நாளே கரைத்தாயிற்று. அது பொங்காமல் கல்லாகக் கிடந்ததால் ஒரு போத்தல் பியரை உடைத்து ஊற்றியும் ஆயிற்று. இப்போது அது சட்டியை விட்டு வெளியே வழிந்துகொண்டிருந்தது.

"ஆகா!" என்றார் அன்ரி. அப்பச் சட்டி அடுப்பில் ஏறியது. இத்தனை பேருக்கு நடுவில் போத்தல்களைத் தூக்க வழியில்லாமல், இருவரும் நீலக் கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு விமான நிலையம் போனார்கள்.

ஆறு வருடத்துக்குப் பிறகு அவளைக் கண்டான். யோகமலர் மெலிந்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. கட்டிப்பிடிக்கலாமா, கூடாதா என்று தெரியாமல் அன்புராசா கோட்டை நீட்டினான். அவள் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள்.

"இஞ்சருங்கோ, உந்தக் கோட்டிலை என்ன மணம்?"

"அப்பம்."

"கோட்டிலையோ?"

"வீடு முழுக்க அப்பந்தான்."

வண்டியோட்டிய அலெக்ஸாண்டருக்குத் திடீரென்று இருமல் பிடித்தது.

வீட்டில் ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சுபோல அப்பங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. "உன்ர மனுசன் கெட்டிக்காரன் பிள்ளை" என்றார் அன்ரி. யோகமலர் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கலியாணமான புதிதில் பார்த்த பார்வை. இதற்காக இன்னும் ஆறு வருடம் காத்திருக்கலாம் என்று அன்புராசாவுக்குத் தோன்றியது.

டமார்!

ஹீற்றரை ஒட்டிய அலுமாரி அது. டமார்! டமார்!

எல்லாரும் ஊரில் குண்டுச் சத்தத்துக்குள் வாழ்ந்தவர்கள். யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வீடு முழுவதும் ஒரே மூச்சில் குப்புறப் படுத்தது. குணவதி அன்ரி அப்பத் தட்டை நெஞ்சோடு அணைத்தபடி சோபாவுக்குக் கீழே தலையை நுழைத்தார். யோகமலர் அன்புராசாவின் சட்டையைப் பிடித்திழுத்து மேசைக்கடியில் தள்ளி, அவன் தலையைத் தன் நெஞ்சோடு அமுக்கிக்கொண்டாள். அவளுடைய நெஞ்சு படபடவென்று அடிப்பது அவனுக்குக் கேட்டது. எத்தனை வருட ஏக்கம்! இன்னும் ஒரு போத்தல் வெடிக்கட்டும் என்று மனதார வேண்டினான்.

வெடித்தது.

பிறகு அலுமாரிக் கதவின் கீழிருந்து மண்ணிற நுரை மெல்ல ஊர்ந்து வந்தது. யோகமலர் எழும்பிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"உது என்ன?"

"பியர்" என்றான் அன்புராசா. "நான்தான் செய்தனான். உம்மட தலையிலை அடிச்ச சத்தியம், ஒரு சொட்டும் வாயிலை வைக்கேல்லை."

"அப்ப அப்பத்துக்குள்ளை?" என்று சோபாவின் கீழிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஒரு போத்தல், அன்ரி."

அன்ரிக்குச் சனிக்கிழமை விரதம். கையிலிருந்த அப்பத்தைப் பார்த்தார், யோசித்தார், மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார்.

யோகமலர் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். "என்ர சூட்கேசை எடுங்கோ."

அன்புராசா சூட்கேசை மறித்துக்கொண்டு நின்றான். "யோகம், இந்த வீட்டிலை தனிய இருக்கேலாமல்தான்… அது சத்தம் போடும், கதைக்கிற மாதிரி இருக்கும்…"

"குடியாத மனுசனுக்கு ஏன் வாளிக் கணக்கிலை பியர்? ஆர் உங்களுக்கு உந்தப் பழக்கத்தைப் பழக்கினது? எனக்கு அந்த ஆளைப் பார்க்கோணும்!"

கதவு மூலையில் பதுங்கியிருந்த அலெக்ஸாண்டர் தயங்கித் தயங்கி எழும்பினான்.

"நீங்கள்தான் அக்கா. 'அந்த மனுசன் தனியக் கிடந்து ஏங்குது, பாத்துக்கொள்ள உயிருள்ளதாய் ஏதும் வாங்கிக் குடும் தம்பி' எண்டு நீங்கள்தானே எனக்குப் போன் எடுத்து அழுதனீங்கள். இந்த பில்டிங்கிலை நாய் வளக்க விடமாட்டாங்கள்."