புளி போட்டுத் தேய்த்த டிரைவர் சிடி

பித்தளை தேய்ப்பதில் சிதம்பரம் மேல வீதியில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். வேறு யாரும் சொல்லக் காணோம், அதனால் சொல்லவேண்டியிருக்கிறது. என் வீட்டுக் குத்துவிளக்கில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். கையில் புளி இருந்தால் உலகத்தில் எதையும் பளபளக்க வைத்துவிடலாம் என்று நம்பியே ஐம்பது வயதைத் தாண்டினேன். அந்த நம்பிக்கை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போயிற்று. கூடவே மானமும்.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ இருக்கும். என் மகள் கலைச்செல்வி கடலூரில் ஒரு அச்சகத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா பேனர், ஜவுளிக்கடை நோட்டீஸ் எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பாள். வீட்டிலும் வரைய வேண்டும் என்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, படம் நன்றாகத் தெரிவதற்காகவே கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்றை அதன் வயிற்றுக்குள் மாட்டி வைத்திருந்தாள்.

அவளுக்கு வரன் வராமலில்லை. வருவார்கள், பஜ்ஜி தின்பார்கள், "ஊருக்குப் போய்ச் சொல்றோம்" என்பார்கள். சிதம்பரத்துக்கும் அவர்கள் ஊருக்கும் நடுவில் எங்கேயோ அந்தப் பதில் பஸ்ஸை விட்டு இறங்கிவிடும். காரணம் எனக்குத் தெரியும். "கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவேன்" என்று காபி தம்ளரை நீட்டும்போதே சொல்லிவிடுவாள்.

இந்தத் தடவை கடலூர் வரன். பையன் பேர் சுரேஷ், மஸ்கட்டில் வேலை. லீவு கிடைக்கவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவனுடைய அப்பா அம்மா நேரில் வருவார்கள், பையன் கம்ப்யூட்டரில் வருவான் என்று ஏற்பாடு. வீதி முழுக்கச் சொல்லிவிட்டேன். (பூக்காரியிடம் இரண்டு தடவை சொன்னேன். முதல் தடவை அவள் போதுமான அளவு ஆச்சரியப்படவில்லை.)

ஆனால் கம்ப்யூட்டர் சரியில்லை. வைரஸ் வந்ததென்று கடைக்காரர் எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்திருந்தார். அதிலிருந்து திரையில் ஒவ்வொன்றும் அதிரசம் பருமனுக்குத் தெரிந்தது. நிறமெல்லாம் நாலு வெளுப்புக் கண்ட லுங்கி.

"கார்டுக்கு டிரைவர் போடாமப் போயிட்டாரும்மா" என்றாள் கலை. டிரைவர் என்றால் கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் பேசி முடித்து வைக்கிற தரகர் மாதிரி என்றும் விளக்கினாள். தரகர் என்றதும் எனக்கு நன்றாகவே புரிந்தது.

அன்று காலை நெட்டிலிருந்து ஒரு டிரைவரை இறக்கிப் போட்டுப் பார்த்தாள். அது வேறு ஏதோ கார்டின் தரகர் போல. திரை கோடு கோடாக ஓடியது. எதையெதையோ அமுக்கி, போட்டதை எடுத்துத் தூர எறிந்துவிட்டுக் கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"நான் பெண்ணாடத்துல இருக்கேன், சாயங்காலந்தான் வருவேன். கார்டோட ஒரு சிடி வந்திருக்கும் பாரும்மா. அதப் போட்டா முடிஞ்சுது" என்றார் அவர்.

சிடி இருந்தது. டப்பாவைத் திறந்த கலை அப்படியே நின்றாள்.

"அம்மா, இதுல என்னத்தப் பூசுன?"

"ஆயுத பூசைக்குச் சந்தனம் குங்குமம் வெச்சேன். மிக்சிக்கு வெச்சேன், இஸ்திரிப் பெட்டிக்கு வெச்சேன், இதுக்கு வெக்காம உட்டா நல்லாவா இருக்கும்?"

"பின்னாடி போயி வெச்சிருக்கியே! இந்தப் பக்கந்தான்மா மிஷின் படிக்கும்!"

"முன்னாடிதான் எழுத்து இருந்துச்சே. எழுத்துன்னா சரஸ்வதி. அது மேல சந்தனத்தப் பூசி மறைக்கச் சொல்றியா?"

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. தெரியாத எழுத்துக்கு நான் கொடுத்த மரியாதையை யாரும் பாராட்டவில்லை. சிடியை உள்ளே தள்ளினாள். அது அம்மி இழுபடுகிற மாதிரி கரகரத்து, வெளியே துப்பியது.

"இங்க குடு. பிசுக்கு இல்லாம நான் எடுத்துத் தரேன்" என்று வாங்கிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் திரையில் ஏதோ ஒரு பெட்டி எழும்பியது. கலை எட்டி ஒரு பொத்தானை அமுக்கினாள். கறுப்பாக ஒரு சதுரம் வந்தது. சத்தமும் இல்லை. (ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தேங்காய்ச் சட்னிக்கு மிக்சியை மாட்டியது நான். வெளியே சொல்லவில்லை.)

"மஸ்கட்லேருந்து அவருதான் கூப்புட்டு டெஸ்ட் பண்ணியிருப்பாரு. கட்டாயிடுச்சு போல" என்று சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போனாள்.

நான் கம்ப்யூட்டருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன். புடவையைத் தூக்கிச் செருகி, மடியில் தாம்பாளத்தை வைத்து, புளியை ஊறப்போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். திரைக்கு மேலே கேமரா தவளை மாதிரி உட்கார்ந்திருந்தது. எனக்கு அவன் தெரியவில்லை, அதனால் அவனுக்கும் நான் தெரியமாட்டேன் என்பது என் கணக்கு. பூனைக்கும் இதே கணக்குதான்.

பக்கத்தில் முகம் முழுக்க சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார் எங்கள் வீட்டுக்காரர்.

"ஏன் சரோஜா, அதுக்குப் புளி போடலாமா?"

"பித்தளைக்கே போடறோம். நீங்க பேசாம உங்க மூஞ்சியப் பாருங்க" என்றேன். கை தேய்க்கும்போது என் வாய் சும்மா இருக்காது. "பையன் போட்டோவப் பாத்தேன். நெத்தி ஜாஸ்தி. இன்னும் கொஞ்ச வருஷம் போனா நெத்தி எங்க முடியுதுன்னு டார்ச் அடிச்சுத் தேடணும். அந்தம்மா போன்ல பேசறதப் பாத்தீங்களா? 'எங்களுக்கு எல்லாம் சுத்தபத்தமா இருக்கணும்'னு, கலெக்டரம்மா மாதிரி!"

"மெதுவாப் பேசு."

"யாரு கேக்கப் போறா? இங்க பாருங்க, கேசரி நம்ம கலை கிண்டுனதுன்னு சொல்லிடுவோம். அவளுக்குச் சுடுதண்ணி வெக்கக்கூடத் தெரியாதுன்னு நாம ஏன் சொல்லணும்? வேலையக் கேட்டாலும், கல்யாணம்னா உட்டுடுவான்னு சொல்லுங்க. தாலி ஏறட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கலை வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"பொய் சொல்லி என்னைய அனுப்பாதம்மா. கேசரி நான் கிண்டல. வேலைய உட மாட்டேன். மஸ்கட்டுக்குப் போனாலும் எதையாச்சும் வரைஞ்சுக்கிட்டுத்தான் இருப்பேன். இது புடிச்சா வரட்டும், இல்லன்னா வரவே வேணாம்."

"வந்துட்டா அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு! இப்படியே பேசிக்கிட்டிரு, தலை நரைச்சு என்னோட உக்காந்து புளி கரைப்ப!"

இதற்கிடையில் அந்தக் கறுப்புச் சதுரத்துக்குக் கீழே இங்கிலீஷ் எழுத்தில் வரி வரியாக ஏதோ வந்துகொண்டே இருந்தது. டிரைவர் இல்லாமல் கம்ப்யூட்டர் முனகுகிறது என்று நினைத்து, "ச்சீ, சும்மா இரு, சிடி வருது!" என்று அதட்டினேன்.

கலை திரையைப் பார்த்தாள். துண்டு கையிலிருந்து நழுவியது.

"அம்மா... லைன் கட்டாகவே இல்ல. நம்ம கார்டுலதான் படம் வரல. அவருக்கு எல்லாம் தெரியுது. கேமராவுலயே மைக்கும் இருக்கு."

"என்ன எழுதியிருக்கு?"

"'வணக்கம் அத்தை, நீங்க நல்லாத் தெரியறீங்க'ன்னு மொதல் வரி. அப்புறம், 'அத்தை, எனக்கு நீங்க பேசறது கேக்குது.' அதையே திரும்பத் திரும்ப எழுதியிருக்காரு."

"கடைசியா?"

கலை குனிந்து படித்தாள். "'எங்க அப்பாவுக்கும் இதே நெத்திதான் அத்தை. அவருக்கு இன்னும் முடி இருக்கு.'"

தாம்பாளத்தைத் தூக்கிக் கேமராவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். புளித்தண்ணீர் திரையில் வழிந்தது. எங்கள் வீட்டுக்காரர் எழுந்து நின்று, நுரை முகத்தோடு கம்ப்யூட்டருக்கு ஒரு கும்பிடு போட்டார். அதையும் தாம்பாளத்துக்குத்தான் போட்டார்.

கலை கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழவில்லை, திட்டவுமில்லை. அதுதான் என்னை அறுத்தது. இந்த வரனைக் கலைக்க வேறு யாரும் தேவைப்படவில்லை, பெற்றவளே போதும் என்று ஆகிவிட்டதே. வர வேண்டாம் என்று போன் வரும் என்று மத்தியானம் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வரவில்லை. மூன்று மணிக்கு அவர்களே வந்தார்கள்.

பையனின் அம்மா கேசரியை வாயில் போட்டார். "நல்லாருக்கே. யாரு கிண்டுனது?"

கூடமே என் வாயைப் பார்த்தது. பழக்கதோஷத்தில் "எங்க க..." வரைக்கும் வந்துவிட்டேன். கலை காபித் தட்டோடு நின்றாள். விழுங்கிக்கொண்டு, "நான்தாங்க" என்றேன். "அவளுக்குச் சமையல் வராதுங்க. வேலையையும் உட மாட்டாளாம்."

அந்தம்மா சிரித்த சிரிப்பில் கேசரி புரையேறியது. "எல்லாம் தெரியும். பஸ்ல வர்றப்பவே போன் பண்ணிட்டான். பொண்ணு ஒளிக்காமப் பேசுது, எனக்குப் புடிச்சிருக்கு, வேலைக்குப் போறதுன்னா போவட்டும்னான். என்னையும் மெரட்டுறான், 'அங்க போயி சுத்தபத்தம்னு வாயத் தொறக்காத, அவங்க சிடியவே புளி போட்டுத் தேய்க்கறவங்க'ன்னு!"

கலை முதல் தடவையாக நிமிர்ந்து சிரித்தாள். (கலெக்டரம்மா சமாச்சாரத்தை மட்டும் மாப்பிள்ளை தன் அம்மாவிடம் மறைத்துவிட்டார். அதற்காகவே இன்றைக்கும் என் வீட்டில் அவருக்குத்தான் முதல் இலை.)

சாயங்காலம் கடைக்காரர் வந்தார். சிடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோ சுத்தமான சிடிய நான் பாத்ததில்லம்மா. உள்ள இருந்ததும் சேந்து போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, தன் பையிலிருந்த வேறொன்றைப் போட்டு டிரைவரை ஏற்றினார். அதிரசமெல்லாம் தட்டை முறுக்கு அளவுக்கு இறங்கியது.

தை மாதம் கல்யாணம். ஆல்பத்தைக் கலையே வடிவமைத்தாள். அது கடலூரில் சம்பந்தி வீட்டில் இருக்கிறது. முதல் பக்கத்தைப் புரட்டினால் பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. செருகிய புடவையும் மடியில் தாம்பாளமும் திறந்த வாயுமாக நான்தான். அன்று நான் பேசிக்கொண்டிருந்தபோது மஸ்கட்டிலிருந்து மாப்பிள்ளை தன் கம்ப்யூட்டரில் அமுக்கிப் பிடித்து வைத்த படம்.

யார் வந்தாலும் அந்தப் பக்கத்தில் நின்று, "இது யாருங்க, பாத்திரம் தேய்க்கறவங்களா?" என்று கேட்கிறார்கள். சம்பந்தியம்மா ஒவ்வொரு தடவையும் சலிக்காமல் சொல்வார்: "பொண்ணோட அம்மா. பொண்ணப் பாக்கறதுக்கு மின்ன எம்புள்ள இவங்களத்தான் பாத்தான்."

வீடே சிரிக்கும். நானும் பக்கத்தில்தான் இருப்பேன். சிரித்து முடிக்கட்டும் என்று பொறுத்திருந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, படத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுச் சொல்வேன்:

"மங்கலா இருக்கு பாருங்க. மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல டிரைவர் சரியில்ல."