தோட்டத்துச் சமையல்கட்டுக்கு ஆட்சேபணை

கொத்தனார் புகழ்வேந்தன் சமையலறையின் பின்சுவரை ஆள் நுழையும் அளவுக்கு இடித்து முடித்திருந்தார். அப்போதுதான் பக்கத்து வீட்டு ராஜ்மோகன் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா, பர்மிட் வாங்கிட்டியா?"

வீட்டுக்காரர் சம்மந்தம் வாங்கவில்லை. தோட்டத்தில் நாலு தூண் நட்டு, மேலே ஷீட் போட்டு, ஒரு விறகடுப்பு வைப்பதற்கெல்லாம் அனுமதி வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கேஸ் அடுப்பில் வைப்பது மீன்குழம்பே இல்லை என்பது அவர் கட்சி. மனைவி செல்வகுமாரியிடம் சொன்னபோது, "உங்க இஷ்டம்" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

பிள்ளையார்குப்பத்து மருத்துவக் கல்லூரியில் மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர் அவர். கையெழுத்தில்லாமல் பஞ்சு உருண்டையைக்கூட வெளியே விடமாட்டார். அன்றே வேலையை நிறுத்திவிட்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனார். வரைபடம் கொடுங்கள், அறிவிப்பு ஒட்டுகிறோம், யாரும் ஆட்சேபிக்காவிட்டால் பதினைந்து நாளில் கிடைத்துவிடும் என்றார்கள்.

இடித்த இடத்தில் தார்ப்பாய் கட்டினார். மூன்றாம் நாள் ஒரு தெருநாய் அதை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தது. செல்வகுமாரி அலசி வைத்திருந்த வஞ்சிரம் முழுவதையும் தின்றுவிட்டு, வந்த வழியே போனது. பர்மிட் வரும்வரை வீட்டில் சமையலே வேண்டாம் என்று முடிவுசெய்த சம்மந்தம், வில்லியனூரில் ஒரு மெஸ்ஸில் மூன்று வேளைக்கும் சொல்லிவைத்தார்.

பதினான்காம் நாள் ஆட்சேபணை வந்தது. புகை தெருவுக்கு வருமாம். வரைபடத்தில் புகைபோக்கி சேர்த்தார். புகைபோக்கி மின்கம்பிக்கு இரண்டடியில் இருக்கிறது என்று அடுத்தது வந்தது. அடுப்பைக் கிழக்கே தள்ளி வரைந்தார். அதற்கு நேர் கீழே செப்டிக் டேங்க் இருப்பதை மூன்றாவது கடிதம் நினைவூட்டியது.

எழுதியது யார் என்று சொல்ல கிளார்க் மறுத்துவிட்டார். ஆனால் ஒரு அங்குலம்கூடத் தப்பாத கணக்கு. மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரைத் தவிர வேறு யாருக்கு அது தெரியும்? சம்மந்தம் ராஜ்மோகன் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டேவிட்டார்.

"உன் ப்ளான நான் கண்ணால பாத்திருக்கேனாடா?" என்றார் ராஜ்மோகன்.

நன்றாக நடிக்கிறாய் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார் சம்மந்தம். இருபது வருடம் ஒரே வண்டியில் வேலைக்குப் போனவர்கள் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ராஜ்மோகன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு செல்வகுமாரி மட்டும் போனாள். சம்மந்தம் தோட்டத்தில் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து பக்கத்து வீட்டு மைக் செட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். மனசு சரியில்லை.

ஆறுதலாக இருந்தது செல்வகுமாரி மட்டும்தான். சாயங்காலம் தையல் வகுப்புக்குப் போனாள், மதியம் தூங்கினாள். சுவரில் ஓட்டையோடு நாலு மாதம் இருந்தும் ஒருநாள்கூட முணுமுணுக்கவில்லை. அந்த மெஸ் சாம்பாரைக்கூட வாய் திறக்காமல் சாப்பிடுகிறாளே என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் ஆபீசிலிருந்து போன் வந்தது. போனார். உதவியாளர் ஜெயா முத்திரை குத்திய பர்மிட்டை நீட்டினாள். ஆட்சேபணைகள் எல்லாம் வாபஸ் ஆகிவிட்டதாகச் சொன்னாள்.

சம்மந்தம் அதை இரண்டு முறை படித்துப் பார்த்தார். பிறகு, "அந்த ராஜ்மோகனுக்கு இப்பதான் மனசு வந்துதா?" என்றார்.

"அது யாரு சார்? உங்க வூட்டம்மாதான் நேத்து வந்து மூணு லெட்டரையும் வாபஸ் வாங்கினாங்க. மெஸ் சாப்பாடு அலுத்துப்போச்சாம்."