சேவலுக்கு உள்ளே, ரென்ஸுக்கு வெளியே

பாங்கசினான், பிலிப்பைன்ஸ்,
புதன்கிழமை

அன்பு மனைவி ஜோவெலினுக்கு, கணவன் எடில் எழுதிக்கொள்வது. நானும் மகன் ரென்ஸும் ஆண்டவர் கிருபையில் நலம். நீயும், நீ வேலை பார்க்கும் ஹாங்காங் வீட்டு மேடமும், மேடத்தின் பூனையும் நலமென நம்புகிறேன். லீவு வேண்டுமென்றால் காரணத்தைக் காகிதத்தில் காட்டச் சொன்னாராமே, அதற்காகவே இக்கடிதம். அவருக்கு வரிவரியாக வாசித்துக் காட்டவும்.

விஷயம் என்னவென்றால், ஒன்பது மாதமாகியும் நம் மகனுக்கு வலது விதை கீழே இறங்கவில்லை. தடுப்பூசி போட வந்த நர்சு தடவிப் பார்த்துவிட்டு, "எடில், இங்க ஒண்ணுதானே இருக்கு?" என்றாள். நான் பதறவே இல்லை. இருபது வருஷமா சண்டைச் சேவல் வளர்க்கிறவன், எத்தனை சேவலை அறுத்துப் பார்த்திருக்கேன், ரெண்டும் முதுகெலும்பை ஒட்டி உள்ளதான் இருக்கும், வீரத்துக்கு என்ன குறைச்சல்னு அவகிட்டயே பெருமையா சொன்னேன். தலையில அடிச்சிக்கிட்டு டவுன் டாக்டரம்மாகிட்ட அனுப்பிட்டா. அந்தம்மா, "உங்க பையன் என்ன, கொக்கரக்கோன்னா கூவுறான்?"னு கேட்டாங்க. மனுஷப் பிள்ளைக்கும் முதல்ல வயித்துக்குள்ள, சிறுநீரகத்துக்குப் பக்கத்துலதான் அது உருவாகுமாம். பிறக்கிறதுக்கு முந்தின ரெண்டு மூணு மாசத்துல அடிவயித்து இடுக்கு வழியா பைக்குள்ள இறங்கிடுமாம், உடம்புச் சூடு அதுக்கு ஆகாதாம். இவன் எட்டாம் மாசமே அவசரப்பட்டு வந்தவன், பாதி வழியில நின்னிருக்கலாம். ஆறு மாசம் வரைக்கும் தானா இறங்கும், அதுக்கு மேல காத்திருந்து பிரயோஜனமில்ல, ஒரு வயசு வாக்குல ஆபரேஷன்னாங்க. என் அக்கா லூர்தெஸ் சும்மா இருப்பாளா? "பெத்தவ இல்லாத வீட்டுல எது ஒழுங்கா இறங்கும்?"னு தெரு பூரா சொல்லிட்டு வந்துட்டா. இப்ப நான் கடைக்கு வினிகர் வாங்கப் போனாலும், "இறங்கிடுச்சா?"ன்னுதான் விசாரிக்கிறாங்க.

ஜோவெலின், அவனுக்கு அம்மான்னா என் போன்தான். மணி அடிச்சா போதும், அதை நக்கிக்கிட்டே சிரிக்கிறான். நீ போய் அஞ்சு மாசமாச்சு, உன் தலையணை உறையை நான் இன்னும் துவைக்கல. ஆபரேஷன் முடிஞ்சு அவன் கண்ணு முழிக்கும்போது உன் முகம் தெரியணும். மேடம் மனசு வைக்கணும்.

மேடத்துக்கு என் பணிவான வணக்கம். ஆண்டவர் உங்கள் மூவரையும் காப்பாராக. பூனைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உன்,
எடில்

பி.கு.: இந்த இடத்துல கிழிச்சிட்டு மேல்பாதியை மட்டும் காட்டு. முந்தாநாளு ரென்ஸை வெந்நீர்ல குளிப்பாட்டினேன், பார்த்தா ரெண்டும் ஜம்முனு கீழ உட்கார்ந்திருக்கு! ஈரத்துண்டோட தூக்கிட்டு ஓடினேன். டாக்டரம்மா சிரிச்சிட்டாங்க. சில பிள்ளைங்களுக்கு ஜில்லுன்னு கை பட்டா மேல ஏறிக்குமாம், சூடு கண்டா இறங்கிடுமாம். ஆபரேஷன் வேண்டாம், வருஷத்துக்கு ஒரு தடவை காட்டினா போதும்னாங்க. மேல எழுதினது பொய்யில்ல, அன்னைக்கு அவங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கேன். அவனுக்கு ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் நீ இல்ல. வந்துடு.